கொஞ்சம் சூடா இருக்கு

பெர்மகூயி,
4 மார்ச் 2007

நெவ்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மலை இறக்கத்தில் ஒரே மூடுபனி. மரம் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன். அக்காவுக்காக என்று ஷெரில் பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். ஒழித்தது பாதிதான். அவளுடைய தையல் மெஷினும் அவள் புருஷன் விட்டுப்போன தூண்டில்களும் என்னோடுதான் தூங்குகின்றன.

நேற்று இரண்டு முறை நீ ஃபோன் செய்ததாகச் சொன்னாள். இனிமேல் செய்யாதே, எடுக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து ரேடியோவில் உன் குரலைக் கேட்டிருக்கிறேன். ஆடு வேலியில் மாட்டிக்கொண்டாலும் அதே குரல்தான், மலை முழுக்கப் பற்றி எரிந்தாலும் அதே குரல்தான். ஜனவரிக் கோடையில் அந்த மத்தியானம், ஓடைப் பள்ளத்தில் காற்று திரும்பி, நீயும் உன் குழுவில் இருக்கிற மிக்கும் அந்தப் பெண் ஜோடியும் வண்டியோடு நெருப்புக்குள் மாட்டிக்கொண்டீர்களே, அப்போது ரேடியோவில் உங்கள் வண்டியின் பெயரைச் சொல்லி என்ன சொன்னாய்? "கூராபின் ஒண்ணு பேசுறேன். இங்க கொஞ்சம் சூடா இருக்கு." நான் என்ன சொன்னேன்? "தண்ணி குடி, நெவ்." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு உன் வண்டியிலிருந்து சத்தமே இல்லை.

ஒரே சொல்லை மூன்று முறை சொல்லியிருக்க வேண்டும். மேடே, மேடே, மேடே. உயிர் போகிறது, மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வழிவிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். நீ சொல்லியிருந்தால், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரை உங்கள் தலைமேல் தண்ணீர் கொட்ட அனுப்பியிருப்பேன். சொல்லவில்லை. நான் அதைப் பக்கத்துப் பண்ணைக்கு அனுப்பினேன். மிக்கின் கை என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

சாயங்காலம் பெயின்ட் எல்லாம் கொப்புளித்துப்போய் அந்த வண்டி வந்து நின்றது. நீ இறங்கி வந்து என்னிடம் முதலில் கேட்டது, "டீ இருக்கா?"

மாரீன் ஓடிப்போய்விட்டாள் என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும். நமக்குப் பிள்ளைகள் இல்லை. உனக்கு ஏதாவது என்றால் சொல்ல வேண்டிய ஆள் நான் ஒருத்திதான். என்னிடமே சொல்லாத ஒருவனோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று ஏன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று ஒரே ஒரு முறை நேராகச் சொல். வந்துவிடுகிறேன். ஆனால் ஃபோனில் வேண்டாம், உன் குரல் பொய் சொல்லும். எழுது.

இருட்டுவதற்குள் கோழிகளை அடைத்துவிடு. உன் இரத்த அழுத்த மாத்திரை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

மாரீன்


கூராபின்,
13 மார்ச்

அன்புள்ள மோ,

கடிதம் கிடைத்தது. மாத்திரையும் கிடைத்தது.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கம்பளி வாங்குகிற கம்பெனிக்கு. அவர்கள் பதில் போடவில்லை. அதனால் நான் எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது, பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாம் பரவாயில்லை. மழை இல்லை, ஆனாலும் பரவாயில்லை. மேட்டுக் குட்டை வற்றிச் சேறாகிவிட்டது. ஒரு கிழட்டு ஆடு அதில் இறங்கி மாட்டிக்கொண்டது. இழுத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை. நாய் உன் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கவ்விக்கொண்டு வந்து வாசலில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. கடிக்கவில்லை. நான் எடுக்கப் போனால் உறுமுகிறது. சாஸ் என்று பெயர் வைத்துச் சோறு போட்டவன் நான், விசுவாசம் உன் செருப்புக்கு.

ஊர்ப் பெண்கள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி, மேலே உருளைக்கிழங்கு, கீழே கறி. பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயர் ஒட்டியிருக்கிறது. கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனால், "மாரீன் எப்ப வர்றா?" என்று கேட்கிறார்கள். "கடல் காத்து நல்லதுன்னு போயிருக்கா" என்கிறேன். "யாருக்கு நல்லது?" என்றாள் தபாலாபீஸ் ஜாய்ஸ். ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிக் கசாப்புக் கடையைத் திறந்துவிட்டான். கட்டுப் பிரித்தாகிவிட்டது, இரண்டு விரல்தான் மடங்கவில்லை. "இனிமே தராசுல விரல் வச்சா ஊருக்கே தெரிஞ்சிடும் மாப்ள, பொழப்பு போச்சு" என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கறியைச் சமைக்காமல் வைத்துவிட்டேன்.

தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துக் குழுக்கள் எல்லாமே ஆபத்துச் செய்தி சொல்கிற முறையை மறுபடியும் பழக வேண்டுமாம். ஒவ்வொரு ஊரிலும் குழுத் தலைவர்தான் பழக்கிவிட வேண்டுமாம். அதாவது கூராபினில் நான். அதைக் கேட்டதும் ஜோடி குடித்துக்கொண்டிருந்த டீயைத் துப்பிவிட்டாள்.

நீ கேட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலி வேலை ஒன்று பாக்கி, அது முடியட்டும்.

உன்
நெவ்

பி.கு. வாஷிங் மெஷினில் சோப்புத்தூள் எந்தப் பெட்டியில் போட வேண்டும்?


பெர்மகூயி,
24 மார்ச்

அன்புள்ள நெவ்,

இடதுபக்கப் பெட்டியில். உன் கடிதத்தில் எத்தனை "பரவாயில்லை" என்று எண்ண ஆரம்பித்து, ஷெரில் சிரித்ததில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. உன் கல்லறையில் அதையே வெட்டிவைக்கச் சொல்கிறாள்.

ஜாய்ஸ் கேட்டது நல்ல கேள்விதான். கடல் காற்று எனக்கு நல்லதா என்று தெரியவில்லை, முடி மட்டும் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளமில்லாத வேலைதான், எனக்கு வேறு என்ன வரும்? படகுத்துறைக்கு மேலே கடல் மீட்பு நிலையம் என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. ரேடியோ, பைனாகுலர், உடைந்த பிஸ்கட் டப்பா. நான் ரேடியோவில் இருந்தவள் என்று ஷெரில் உளறிவிட, அந்த நிலையத்தை நடத்துகிற வால் என்கிற கிழவி என்னைக் கையோடு இழுத்துப் போய் உட்காரவைத்துவிட்டாள். வாரம் இரண்டு காலை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவன் கூப்பிட்டான். "மேடே, மேடே, மேடே!" அடிவயிற்றிலிருந்து கத்துகிறான். நான் பென்சிலை எடுத்தேன். படகு பெயர் சொன்னான், இடம் சொன்னான், எத்தனை பேர் என்று சொன்னான், எல்லாம் வரிசை பிசகாமல். என்ன ஆபத்து என்று கேட்டேன். "பெட்ரோல் தீந்துபோச்சு" என்றான். வால் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "தம்பி, அது மேடே இல்லடா. அது சோம்பேறித்தனம்!" திட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே படகை அனுப்பினாள். அவனைக் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் இறங்கி, கொஞ்சமும் வெட்கமில்லாமல் எல்லோருக்கும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தான்.

எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. கடல்காரர்கள் உதவி கேட்டுவிடுகிறார்கள், நெவ். நம் மலைக்காரர்களுக்கு மட்டும் என்ன வந்தது?

வேலி முடிந்ததா?

மாரீன்


கூராபின்,
10 ஏப்ரல்

அன்புள்ள மோ,

இடதுபக்கப் பெட்டியில்தான் போட்டேன். ஆனால் சிவப்புத் துணியோடு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். என் உள்ளாடைகள் இப்போது ரோஜா நிறம். நல்லவேளை, தீயணைப்பு உடை அதற்கு மேல்.

வகுப்பு ஆரம்பித்தாகிவிட்டது. வியாழன்தோறும், தீயணைப்புக் கொட்டகையில், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு. ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்து, நெருப்பில் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். மூன்று முறை அந்தச் சொல். பிறகு நான் யார், எங்கே, என்ன ஆயிற்று, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நம் ஆட்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் நீ.

முதலில் மிக். மைக்கைப் பிடித்தான், தொண்டையைக் கனைத்தான். "மேடே... யாராவது சும்மா இருந்தீங்கன்னா..."

ஜோடி எழுந்தாள். "மேடே, மேடே. ரெண்டு போதும்ல, அடுத்தவங்களும் பேசணும்."

நான்தானே தலைவர், சரியாகச் செய்து காட்டலாம் என்று எழுந்தேன். மைக்கை வாங்கினேன். பட்டனை அழுத்தினேன். நேரம் போகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். "கூராபின் ஒண்ணு பேசுறேன்," என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மிக் பின்னாலிருந்து, "கொஞ்சம் சூடா இருக்கா மாப்ள?" என்றான். கொட்டகையே சிரித்தது.

சிரிக்காதவள் ஹெதர் ஒருத்திதான். உன் நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். நீ வேலை சொல்லிக்கொடுத்தவள்தான் என்பதை மறக்கவே விடமாட்டாள் போல, அதே மூக்குக்கண்ணாடி, அதே அதட்டல். அவள் ஒரு விதி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வண்டியில் இருப்பவன் சொல்லாவிட்டாலும், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆபத்து என்று பட்டால், அவனுக்காக அவரே மேடே சொல்லிவிடலாம்.

"என் வாயில வராதத நீ எப்படிச் சொல்லுவ?" என்றான் மிக்.

"உங்க வாயை நம்பி நான் ரேடியோவுல உக்கார முடியாது, மிக். நீங்கெல்லாம் வீடு எரிஞ்சா பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட போய், 'சிரமம் இல்லன்னா ஒரு வாளி கிடைக்குமா'ன்னு கேப்பீங்க."

கை தூக்கச் சொன்னார்கள். விதி நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியது மிக்கும் நானும்தான். ஒரு மனுஷன் தன் வாயால் கேட்காததை இன்னொருவர் அவனுக்காகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உன்னிடம் மறைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலி முடிந்தது. நீ கேட்டதை இன்னும் எழுத வரவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

ஈஸ்டர் ரொட்டி இரண்டு பாக்கெட் வாங்கினேன், பழக்கத்தில்.

உன்
நெவ்


பெர்மகூயி,
30 ஏப்ரல்

அன்புள்ள நெவ்,

எதிர்த்துக் கை தூக்கினாயா! கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, பிறகு எடுத்து நீவிப் படித்தேன். ஹெதர் நல்ல பெண். அந்த விதி அன்று இருந்து, எனக்குக் கொஞ்சம் புத்தியும் இருந்திருந்தால், மிக் இன்று விரல் மடக்குவான். வாயால் கேட்டால்தான் கேட்டதாகுமா? உன்னோடு இத்தனை வருஷம் இருந்ததில் பாதி நாள் நீ கேட்காததைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

சரி, திட்டினது போதும். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன் என்றாயே, அது பிடித்திருந்தது. மூன்றாவதைக் கிழிக்காதே.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மீட்பு நிலையத்துக்குக் கொஞ்ச நாள் போகவில்லை. இடது கையைத் தூக்கினால் கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான். பேகா டவுனுக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. ஷெரில்தான் ஓட்டினாள். ஊரையே கூட்டுகிற மாதிரி வழியெல்லாம் ஆர்ப்பாட்டம் பண்ணுகிறாள். சும்மா ஒரு பார்வைக்குத்தான். இந்த வயதில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஒரு உதவி. அலமாரியில் கீழ்த்தட்டில் என் நீலக் குளிர் அங்கி இருக்கிறது, முன்பக்கம் பட்டன் வைத்தது. தலைவழியாகப் போடுகிறது வேண்டாம், பட்டன் வைத்ததுதான். அனுப்பி வை. அப்புறம், கொட்டகையில் என் குதிரைச் சேணம் தூசி தின்றுகொண்டிருக்கிறது. அதை ஜோடியின் மகளுக்குக் கொடுத்துவிடு. நான் இனி எங்கே ஏறப்போகிறேன்.

தோட்டத்தில் எலுமிச்சை பழுத்திருக்குமே. கீழே விழவிடாதே.

மாரீன்


கூராபின்,
14 மே

அன்புள்ள மோ,

அங்கியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே எலுமிச்சம்பழம் பொதிந்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்து. சேணத்தை ஜோடி வாங்கிக்கொண்டாள். "மாரீனுக்கு என்னாச்சு?" என்றாள். ஒன்றுமில்லை, இனி ஏறமாட்டாளாம் என்றேன்.

போன வியாழக்கிழமை ஹெதர் அந்த ஜனவரி நாளின் ரேடியோ ஒலிநாடாவைக் கொண்டுவந்தாள். கேட்டுப் பழக வேண்டுமாம். எனக்கு விருப்பமில்லை. மிக் கேட்க வேண்டும் என்றான். அவன் கை, அவனுக்கு உரிமை இருக்கிறது.

போட்டார்கள். முதலில் இரைச்சல். பிறகு நான். பிறகு நீ. "தண்ணி குடி, நெவ்." பின்னால் உங்கள் அறையில் எல்லோரும் சிரிக்கிற சத்தம். யாரும் இந்த முறை சிரிக்கவில்லை. நாடாவை நிறுத்தினார்கள். மிக் தன் விரல்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "ஏன்யா நெவ், நீ அப்ப உதவி கேட்டியா, இல்ல பொண்டாட்டிகிட்ட பேசிட்டு இருந்தியா?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

அன்று வண்டிக் கண்ணாடியை ஏற்றி, வெப்பம் தடுக்கிற திரைகளை இழுத்துவிட்டு, மூன்று பேரும் தீக்கம்பளிக்கு அடியில் கிடந்தோம். ஜோடியின் தலை என் முழங்கால்மேல். மிக் கதவுப் பக்கம், கதவு சரியாக மூடவில்லை என்று கையால் இழுத்துப் பிடித்திருந்தான். வெளியே ரயில் போகிற மாதிரி சத்தம். என் கையில் மைக். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் பட்டனை அழுத்தினேன், மோ. அது என் வாயில் இருந்தது. அன்று மத்தியானம் ரேடியோ ஹெதரின் முறை என்றுதான் நினைத்திருந்தேன். "கூராபின் ஒண்ணு பேசுறேன்" என்றேன். "சொல்லு, கூராபின் ஒண்ணு" என்று பதில் வந்தது. அது நீ. ஹெதருக்குப் பல்வலி என்று நீ மாற்றி உட்கார்ந்தது எனக்குத் தெரியாது.

ஹெதராக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ என்பதால் சொல்லவில்லை. இதுதான் கடைசி என்றால், உனக்கு நான் விட்டுப்போகிற சொல் அதுவாக இருக்கும். நீ சமையலறையில் பாத்திரம் கழுவும்போதும் அதுதான் காதில் கேட்கும், சாகிற வரைக்கும். அது வேண்டாம் என்று பட்டது. வேறு ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன். சூடாக இருந்தது, அதைச் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்தாய். அந்தக் கம்பளிக்கு அடியில் உன் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குப் போதுமாக இருந்தது என்பதுதான் தப்பு. பக்கத்தில் மிக்கும் ஜோடியும் இருந்தார்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாலு கிலோ ஆட்டுக்கறி கடனா வாங்கினது மாதிரி மூஞ்சிய வச்சுக்காத" என்றான். 

நீ கேட்டதற்கு இதுதான் பதில். பயந்தேன். சாவுக்கு இல்லை, அதுவும்தான், ஆனால் அதைவிட நீ கேட்டுவிடுவாய் என்று.

உன்
நெவ்


பெர்மகூயி,
28 மே

அன்புள்ள நெவ்,

பார்சல் வந்தது. அங்கியில் எலுமிச்சை வாசனை, துவைக்கப் போவதில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து படித்தேன். ஷெரில் தேடிக்கொண்டு வரும்வரை அங்கேயே இருந்தேன்.  முட்டாள் என்று எழுதலாம். அதை நீயே எழுதிவிட்டாய். உன்மேல் எனக்கு இனி ஒரு வருத்தமும் இல்லை. அதை மட்டும் தெரிந்துகொள்.

சொன்னால் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தேன். வருவேன். இப்போதே இல்லை. இங்கே ஒன்றிரண்டு வேலை பாக்கியிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை பேகாவில் ஒரு சின்னக் காரியம், அது முடியட்டும். உடம்பு கொஞ்சம் அசதி, வேறு ஒன்றுமில்லை. நீ வர வேண்டாம். ஆடுகள் குட்டி போடுகிற நேரத்தில் பண்ணையை விட்டு வராதே. எல்லாம் பரவாயில்லை.

நாய்க்கு அந்தச் செருப்பை விட்டுவிடு.

என்றும் உன்
மோ


கூராபின்,
9 ஜூன்

என் மோ,

இதைத் தபாலில் போடவில்லை. நேரில் வந்தால் நான் வாயால் பேசிவிடுவேன், என் குரல் பொய் சொல்லும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஷெரில் இதை உன்னிடம் கொடுப்பாள். நீ படிக்கும்போது நான் வாசல் கேட்டுக்கு வெளியே வண்டியில் இருப்பேன்.

உன் கடைசிக் கடிதம் வந்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாட்டுக்கு வைக்கோல் போடும்போதுகூட விசிலடித்தேன். பிறகு ஏதோ உறுத்தியது. நான் பதில் சொல்லிவிட்டேன், நீ வருகிறேன் என்று சொன்னவள். சொன்னால் செய்கிறவள். ஏன் வரவில்லை? எல்லாக் கடிதங்களையும் எடுத்து மேசையில் பரப்பினேன். இடது கை இழுக்கிறது. பேகா, ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். மறுபடியும் பேகா. தலைவழியாகப் போடாத அங்கி. சேணம். இனி எங்கே ஏறப்போகிறேன். என்றும் உன் என்று நீ எனக்குக் கையெழுத்துப் போட்டதே இல்லை. கடைசியில் "பரவாயில்லை." அது என் சொல், மோ. நீ அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

சேணத்தை நானே ஜோடியின் வண்டியில் ஏற்றிவிட்டேன். அங்கியை நானே மடித்தேன். எலுமிச்சை வைத்தேனே தவிர, ஏன் பட்டன் என்று கேட்கவில்லை. நீ அன்று தண்ணி குடி என்றாய். நான் எலுமிச்சை அனுப்பினேன்.

நீ எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும். அதைக் காதில் கேட்கப்போவது நான் என்பதால்.

ஹெதரிடம் போனேன். ஒன்றும் விளக்கவில்லை. "அந்த விதிய எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்றேன். "நீங்கதான் எதிர்த்துக் கை தூக்கினீங்க" என்றாள். "இப்ப ரெண்டு கையையும் தூக்குறேன், படி" என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தாள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆபத்து என்று பட்டால், அவர் சொல்லலாம். பட்டது. சொல்கிறேன்.

மேடே, மேடே, மேடே.

மாரீனுக்காக நெவில் பேசுகிறேன். அவள் இருப்பது பெர்மகூயியில், அவள் தங்கை வீட்டுப் பின்பக்க அறையில், தூண்டில்களுக்கு நடுவே. என்ன ஆயிற்று என்று முழுதாகத் தெரியாது. மார்பில் ஏதோ கட்டி என்று நினைக்கிறேன், செவ்வாய்க்கிழமை அறுக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் வால் கிழவியை விட்டு என்னைத் திட்டச் சொல். எத்தனை பேர் என்ற இடத்தில் நீ ஒன்று என்று போடப் பார்ப்பாய். இரண்டு. என்ன உதவி வேண்டும் என்பதை மட்டும் என்னால் உனக்காகச் சொல்ல முடியாது. அதை நீதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல்லைச் சொன்னபின் மற்றவர்கள் எல்லோரும் அலைவரிசையை விட்டு விலகிவிட வேண்டும். விலக்கிவிட்டேன். ஆடுகளை ஜோடி பார்த்துக்கொள்வாள். வியாழன் வகுப்பை மிக் எடுக்கிறான், கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். குழுத் தலைமையைக் குளிர்காலம் முடியும்வரை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. பதில் வரும்வரை மைக்கை விட்டு நகரக் கூடாது என்று நீதானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாய்.

நாயும் வந்திருக்கிறது. செருப்பையும் கொண்டுவந்திருக்கிறது.

நெவ்


(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

கூராபின் ஒன்று, கிடைத்தது. திருப்பிச் சொல்கிறேன்: பெர்மகூயி, பின்பக்க அறை, கட்டி, செவ்வாய்க்கிழமை. இரண்டு பேர். எல்லாம் சரி.

உதவி: பயமாக இருக்கிறது, நெவ். ரொம்பப் பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நீதான் ஓட்ட வேண்டும், ஷெரில் வழியெல்லாம் அழுகிறாள்.

வண்டியிலேயே உட்கார்ந்திருக்காதே, வெளியே குளிர். நாயின் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வா. இங்கே அடுப்பு எரிகிறது, கொஞ்சம் சூடா இருக்கு.